பட்டினி வேண்டாத பரிசோதனை

திருச்சிராப்பள்ளி மலையில் எழுந்தருளியிருக்கும் ஈசனுக்குத் தாயுமானவர் என்ற திருநாமம் வாய்த்த வரலாறு தமிழ்நாட்டார் பலரும் அறிந்ததே: பிரசவ வேதனையில் இருந்த வணிகர்குலப் பெண்ணுக்குத் துணைபுரியப் புறப்பட்ட தாய், காவிரியின் பெருவெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிட, இறைவனே அத்தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தான் என்பது தலபுராணம். இதில் பக்தர்கள் ஈசனின் கருணையைக் காண்பார்கள். வைத்திய ஆராய்ச்சியில் நாட்டமுடையவனோ, எவ்வளவு சிறந்த துணையாயினும் உரிய வேளையில் வந்து சேராவிடில் பயனில்லை என்னும் நியாயத்தையும் சேர்த்தே காண்பான். கர்ப்பகால நீரிழிவைக் கண்டறியத் தமிழ்நாட்டில் நடந்த ஆராய்ச்சியும், அதன்மேல் எழுந்த விவாதமும் இந்த நியாயத்தைச் சுற்றியே அமைந்தவை.

கருவைப் போஷிக்கும் நஞ்சுக்கொடி, தாயின் உணவிலுள்ள சர்க்கரை குழந்தைக்குத் தாராளமாகக் கிடைக்கவேண்டும் என்பதற்காகவே போலும், இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்தும் ஹார்மோன்களைச் சுரக்கிறது. தாயின் கணையம் அதற்கு ஈடாகப் பன்மடங்கு இன்சுலினைச் சுரந்து சமாளிக்கவேண்டும். சமாளிக்க இயலாதவளுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. இதிலுள்ள விசேஷம், தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து செல்லும், அவளுடைய இன்சுலினோ கடக்காது என்பதே. ஆகவே குழந்தையின் சின்னஞ்சிறு கணையமே அளவுக்கு மீறி உழைக்க, குழந்தை பருத்து வளர்கிறது. பிறந்து கொடி அறுபட்டதும், சர்க்கரை வரவு நின்று இன்சுலின் மட்டும் மிஞ்சுவதால், அதன் ரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடுவதும் உண்டு. டென்மார்க் தேசத்து வைத்தியர் பெடர்சன் 1952-லேயே இந்தச் சித்தாந்தத்தை வகுத்துவிட்டார்.

வியாதி தெரிந்தபின்னும், அதை எவ்வாறு கண்டறிவது என்பதில் உலகம் இன்றுவரை ஒருமனப்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2013-ல் ஏற்ற பிரமாணப்படி, கர்ப்பிணி இரவெல்லாம் பட்டினி கிடந்து வந்து, வெறும் வயிற்றில் ஒரு முறையும், 75 கிராம் குளுக்கோஸ் அருந்தியபின் ஒரு மணி, இரண்டு மணி நேரங்களிலும் ரத்தம் தரவேண்டும். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடத்துக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்திலிருந்து ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி பஸ் ஏறி, திருச்சி புத்தூர் அரசு மருத்துவமனைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். மசக்கையும் மயக்கமும் உள்ளவள் வழியில் இரண்டு இட்டிலி தின்றுவிட்டால், "நாளைக்கு வெறும் வயித்தோட வாம்மா" என்று திருப்பி அனுப்பவேண்டியதுதான். அந்த நாளை பெரும்பாலும் வருவதேயில்லை.

சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978-ல் நீரிழிவுக்கென்றே தனித் துறையை நிறுவிய டாக்டர் வி. சேஷய்யா, இந்த இட்டிலியையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். உண்டிருந்தாலும் உண்ணாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்து, 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்ளலாம் என்பது அவருடைய குழுவினர் கண்ட முறை. ஆரோக்கியமான கணையம் முன்னுண்ட உணவையும் சமாளித்துவிடும் என்பது அவர்கள் வாதம். 800 கர்ப்பிணிகளிடம் இரு விதமாகவும் சோதித்து, பெரிய பேதமில்லை என்று 2009-ல் வெளியிட்டார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் நடத்திய கணக்கெடுப்பில் நகரத்தில் 17.8, சிறுநகரங்களில் 13.8, கிராமத்தில் 9.9 சதவீதக் கர்ப்பிணிகளுக்கு இக்கோளாறு காணப்பட்டது. இது பட்டணத்து வியாதி என்று சொல்வாருக்குக் கிராமத்து எண்ணிக்கையே பதில். மாநில அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இச்சோதனையை விதித்தது; பின்னர் மத்திய அரசின் வழிகாட்டியும் இதையே ஏற்றது.

ஆனால் அதே சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2014-ல் ஆயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டபோது, பட்டினிச் சோதனையில் அகப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்கூட உண்டபின் சோதனையில் அகப்படவில்லை. இது அலட்சியம் செய்யத்தக்க ஆட்சேபமன்று. ஆயினும் ஆய்வுக்கென்று வந்து அமர்ந்த பெண்களைக்கொண்டு செய்த கணக்கில், வராமலே போனவள் இடம்பெறுவதில்லை. அவள் விஷயத்தில் எந்தச் சோதனையும் பூஜ்யத்தையே கண்டுபிடிக்கிறது. பட்டினியோடு வரக்கூடியவளுக்கு நுட்பமான சோதனையைச் செய்வதும், வர இயலாதவளை அன்றே சோதித்துவிடுவதும் ஒன்றுக்கொன்று விரோதமானவை என்று எனக்குத் தோன்றவில்லை.

இருபத்துநான்காம் வாரத்துக்கும் இருபத்தெட்டாம் வாரத்துக்கும் இடையே, அதாவது வளைகாப்புக்குப் பந்தற்கால் நடும் தறுவாயில், முதல் வருகையில் செய்த சோதனையை மீண்டும் செய்யவேண்டும் என்பது விதி. ஸ்ரீரங்கத்து அக்காரவடிசிலின் மேல் எனக்கு யாதொரு துவேஷமும் இல்லை. ஆனால் சோதனையை விருந்துக்கு முன்னரே முடித்துக்கொள்வது உத்தமம். சிகிச்சை பெரும்பாலும் உணவு ஒழுங்கில்தான் தொடங்குகிறது. இரண்டு வாரம் அவ்வாறு இருந்தும் உணவுக்கு இரண்டு மணி நேரம் பின் சர்க்கரை 120-க்குக் குறையாவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ தேவைப்படும்.

பிரசவத்தோடு சர்க்கரை இறங்கிவிடுவதால் வீட்டார் இதை மறந்துவிடுகிறார்கள். அப்பெண்ணுக்கோ பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பன்மடங்கு. ஆறாவது வாரத்தில் அவளுக்கு மறுசோதனை செய்யவேண்டும் என்று வழிகாட்டி கூறுகிறது. குழந்தையின் தடுப்பூசி அட்டையிலும் ஆறாவது வாரத்துக்கு ஓர் ஊசி குறிக்கப்பட்டிருக்கிறது; அதற்குப் பெரும்பாலும் யாரும் தவறுவதில்லை. குழந்தைக்கு ஊசி போடும் அதே காலைப்பொழுதில் தாய்க்கும் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துவிட்டால், அவளை இன்னொரு நாள் வரச்சொல்ல வேண்டியிராது.