ரெண்டே ஸ்டேஷனில் ஓர் அந்தமான்!

"சார், இதைப் பாருங்க... இது பீச்சு! நாம மெரினாவுல பார்க்கறதுக்குப் பேரு மாநாடு!"

மத்தியான சாப்பாட்டு நேரம். டிஸ்பாட்ச் தன் செல்போனை என் தயிர்சாதத்துக்கு மேலே நீட்டினார்.

இங்கே ஒரு சிறு விளக்கம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. டிபார்ட்மென்ட்தான் பெயர். டிஸ்பாட்ச், ஸ்டோர்ஸ், க்யூ.சி. இப்படி. வாரத்தில் மூன்று நாள் மட்டும் போய்க் கணக்கு எழுதிவிட்டு, மிச்ச நாளில் உங்களைப் போன்றவர்களுக்காக இந்த மாதிரி ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும் நான், 'அக்கவுன்ட்ஸ் சார்'.

செல்போனில் ஒருவன் தன்னந்தனியாகக் காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தான். கொடி தொங்குகிறது, சேறு வழுக்குகிறது, ஏதோ பறவை கத்துகிறது. திடீரென்று மரங்கள் விலகினால்... நீலக் கடல்! வெள்ளை மணல்! ஒரு சுண்டல்காரர்கூட இல்லை! அந்தமானில், ஹேவ்லாக் தீவில் இருக்கும் எலிபென்ட் பீச்சாம். 2018-ல் அந்தத் தீவுக்கு ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். சாலையிலிருந்து காட்டு வழியாகச் சுமார் 2 கிலோமீட்டர் நடந்தால் கடற்கரை.

"போறோம் சார்! நாலு பேரும் போறோம்!" என்று டிஸ்பாட்ச் மேஜையைத் தட்டினார். சாம்பார் குலுங்கியது.

பி.காம். படித்தவனிடம் ஆசையைச் சொல்லலாம், தொகையைக் கேட்கக்கூடாது. ஒரு பழைய டெலிவரி சலானைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தேன். விமானம், அங்கிருந்து படகு, ரூம், சாப்பாடு... தலைக்கு முப்பதாயிரத்தைத் தொட்டு நின்றது. சென்னையிலிருந்து கப்பலில் போகலாம் என்றால், போவதற்கே கிட்டத்தட்ட 3 நாள்.

"இது ஸ்டாக் எடுக்கிற மாசம்" என்றார் ஸ்டோர்ஸ்.

"ரிஜெக்டட்" என்றார் க்யூ.சி.

டிஸ்பாட்ச்சின் முகம், லாரி வராத நாளில் இருக்குமே, அப்படி ஆகிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

"இருங்க. காட்டுப் பாதை, தீவு, ஆளில்லாத கடற்கரை. இவ்வளவுதானே ஸ்பெசிஃபிகேஷன்? இங்கேயிருந்து ரெண்டு ஸ்டேஷன்ல இருக்கு."

"ரெண்டாவது ஸ்டேஷன் பொன்னேரி சார். அங்கே கோர்ட்டுதான் இருக்கு."

"பொன்னேரியில இறங்கி பஸ் புடிச்சா பழவேற்காடு."

மூன்று பேரும் சிரித்தார்கள். நண்டு வாங்கப் போகிற ஊர் சார் அது என்றார்கள். நான் விடவில்லை. பழவேற்காட்டுக்குக் கிழக்கே, கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே காட்டுப்பள்ளி வரை நீண்டு கிடக்கும் மணல் திட்டைக் கவனியுங்கள். வடக்கே ஏரி, மேற்கே பக்கிங்காம் கால்வாய், தெற்கே எண்ணூர்க் கழிமுகம், கிழக்கே வங்கக் கடல். நாலு பக்கமும் தண்ணீர் இருந்தால் அதற்குப் பெயர் தீவு. நான் சொல்லவில்லை, நாலாம் வகுப்புப் புத்தகம் சொல்கிறது!

"வெப்பமண்டலத் தீவா சார்?" என்றார் க்யூ.சி., விடாமல்.

"ஜூன் மாசம் ஃபர்னஸ் ஷாப்புல நிக்கிறவரு நீங்க. உங்களுக்கு வேற மண்டலம் தெரியுமா?"

அப்ரூவ்டு!

* * *

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, காலை 6 மணிக்கு யூனிட் ரயில். 5 ரூபாய் டிக்கெட். பொன்னேரியில் ஒரு டீ, பிறகு பஸ். வயல், உப்புக் காற்று, மீன் கூடை, அப்புறம் பழவேற்காடு.

ஊருக்குள் போனதுமே ஸ்டோர்ஸுக்கு மரியாதை கூடிவிட்டது. அவர் லுங்கியில் வந்திருந்தார். லுங்கிக் கடையில் 'பாலயகாட்' என்று லேபிள் பார்த்திருப்பீர்களே? அது பழவேற்காடு என்ற பெயர் வெளிநாட்டு வாய்களுக்குள் புகுந்து வெளியே வந்த கோலம்தான். துணி வாங்க வந்த டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு ஹெட் ஆபீஸ் இதுதான். துணியோடு மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள் என்பது அந்தக் கணக்கின் கறுப்புப் பக்கம். கோட்டை போய்விட்டது. கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நம்மை வரவேற்கின்றன.

"எங்க ஹெச்.ஆர். மாதிரியே இருக்கு" என்றார் டிஸ்பாட்ச்.

பாலத்தைத் தாண்டினோம். இடது பக்கம் ஏரி. ஒரிசாவின் சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. உற்றுப் பார்த்தால் கோடு நகர்ந்தது. பூநாரைகள்! நம்மைப் போலவே தலையைக் கவிழ்த்துக்கொண்டு வேலை பார்க்கிற ஜாதி.

கலங்கரை விளக்கக் குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் எங்களை நிறுத்தினார்.

"எங்க போறீங்க தம்பி?"

"தெற்கால... சும்மா நடக்கப் போறோம், பெரியவரே."

"நடந்து?"

"கடலைப் பார்க்க."

அவர் திரும்பிப் பார்த்தார். கடல் ஐம்பது அடி தூரத்தில் இருந்தது. எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு மறுபடி வலையைக் கையில் எடுத்துக்கொண்டார். அவருடைய கேள்விக்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

* * *

அரை மணி நேரத்தில் வீடுகள் பின்தங்கிவிட்டன. முதலில் பனை. பிறகு சவுக்கு. சவுக்குத் தோப்புக்குள் காற்று நுழைந்தால் ஒரு சத்தம் வரும், யாரோ ரகசியம் பேசுகிற மாதிரி. அதற்கப்புறம் சீமைக்கருவேலம், களாக்காய்ப் புதர், இடுக்கில் ஒற்றை மாட்டுத் தடம். மணலில் ஒரு காலை வைத்தால் அரைக் கால் பின்னால் போகிறது. ஆபீஸில் இன்கிரிமென்ட் மாதிரி!

பழவேற்காடு என்ற பெயருக்குப் பழைய வேர்க் காடு என்றும் பழைய வேலங்காடு என்றும் இரண்டு விதமாகப் பொருள் சொல்கிறார்கள். எப்படிச் சொன்னாலும் கடைசியில் காடு இருக்கிறது. அந்தமான் காடு போல வானத்தை மறைக்காது. ஆனால் வழியை மறைக்கும். அதை நாங்கள் அனுபவத்தில் தெரிந்துகொண்டோம்.

"சார், ஷார்ட் கட் இருக்கு. மேப்பு காட்டுது" என்று க்யூ.சி. செல்போனைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். கால் மணி நேரம் முள்ளுக்குள் குனிந்து, நிமிர்ந்து, தவழ்ந்து வெளியே வந்தால் எதிரே பக்கிங்காம் கால்வாய்! கடலுக்கு நேர் எதிர்த் திசை! கரையோரத்துக் கருஞ்சேற்றில் டிஸ்பாட்ச்சின் வலது கால் முழங்கால் வரை இறங்கியது. கால் திரும்பி வந்தது. ஷூ வரவில்லை.

"டெலிவரி ஆயிடுச்சு" என்றார் ஸ்டோர்ஸ்.

தண்ணீர் பாட்டிலில் கால் பங்குதான் மிச்சம். செல்போனில் சிக்னல் போய்விட்டது. நாலு பக்கமும் ஒரே மாதிரி முள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. கும்மிடிப்பூண்டியிலிருந்து ரெண்டு ஸ்டேஷனில் வழி தவறிவிட்டோம் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

நல்லவேளை, சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் ஆயா புதருக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்றார்.

"ஆயா, கடலுக்கு எப்படிப் போறது?"

"கண்ணு, பேச்சை நிறுத்திட்டுக் காது குடு. கால்வா சத்தம் போடாது. கடலு போடும்."

நிறுத்தினோம். காலையிலிருந்து முதன்முறையாக நாலு பேரும் வாயை மூடினோம். ஆமாம், கேட்டது! சவுக்குச் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்ததற்கு அடியில், மெதுவாக, இரைச்சலாக இன்னொன்று. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். மணல் மேடு ஏறியது. அடப்பங்கொடி, ராவணன் மீசைப் புல். மேட்டின் உச்சியில் ஏறி நின்றால்...

மரங்கள் விலகின. அந்த வீடியோவில் பார்த்தது போலவே!

* * *

ஆளில்லை. கடையில்லை. குதிரை சவாரி இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை மணலில் எங்கள் கால் தடம் மட்டும், அதில் ஒன்று வெறுங்கால். சிவப்பு நண்டுகள் வளை வாசலில் நின்று எங்களை இன்ஸ்பெக்ஷன் செய்தன. இந்தக் கரைகளில்தான் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் ராத்திரியில் ஏறி வந்து முட்டையிடும்.

தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கிரேன்கள் ஒட்டகச்சிவிங்கிகள் போல நின்றன. நமக்குச் சம்பளம் தருகிற உலகம் அங்கே. வடக்கே, முகத்துவாரத்துக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டா. நிஜமான காடு அதுதான். ஒரு காலத்தில் சென்னைப் பட்டணத்து அடுப்புகள் எரிவதற்கு அந்தத் தீவின் விறகு கால்வாய் வழியே படகில் போனது. 1971 அக்டோபர் 9-ந்தேதி முதல் ராக்கெட் கிளம்பிய பிறகு விறகுவெட்டிக்கும் இடமில்லை, நமக்கும் இடமில்லை. பூட்டி வைத்ததால் பிழைத்த காடு!

கட்டி வந்த புளிசாதத்தைத் தின்றோம். கடலில் முழங்கால் வரை மட்டும் நனைந்தோம். இந்தக் கரையில் அலை இழுக்கும். காப்பாற்ற ஆளில்லாத கடற்கரை என்பதுதான் ஆளில்லாத கடற்கரைக்கு இன்னொரு அர்த்தம்.

* * *

சாயங்காலம் 4 மணிக்குப் பாலத்துப் பக்கம் திரும்பி வந்தோம். ஒருவர் வந்து காதோடு பேசினார். "முகத்துவாரம் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன் சார். தலைக்கு 150."

"ஜாக்கெட்?"

"அதெல்லாம் எதுக்கு சார்? இடுப்பளவு தண்ணிதான்."

டிஸ்பாட்ச் பர்ஸை எடுத்துவிட்டார். "வேணாம்" என்றேன். "ஏன் சார், பயமா?" என்று சிரித்தார். அப்போதுதான், பல வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

2010. நான் பி.காம். மூன்றாம் வருடம். இதே ஊர். பத்துப் பேர் படகில் பதினேழு பேர். அன்றைக்கும் ஒருவர் இதே வார்த்தையைத்தான் சொன்னார்: "இடுப்பளவு தண்ணிதான்." பூநாரைக் கூட்டம் பறந்தது. பார்ப்பதற்காக அத்தனை பேரும் ஒரே பக்கம் எழுந்து நின்றோம். படகு சாய்ந்தது. தண்ணீர் உள்ளே வந்தது. "உக்காருங்கடா!" என்று படகுக்காரர் போட்ட சத்தத்தில் பொத்தென்று உட்கார்ந்தோம். என் செருப்பு ஒன்று போனது. அவ்வளவுதான். ஒரு வருடம் முழுக்க அதை ஜோக்காகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு இதே ஏரியில் உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனார்கள். மறுநாள் பேப்பரில் பார்த்ததிலிருந்து அந்த ஜோக்கை நான் சொல்வதில்லை. அவர்களைவிட நாங்கள் எந்த விதத்திலும் புத்திசாலிகள் இல்லை. அன்றைக்குக் காற்று எங்கள் பக்கம் இருந்தது.

ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான் என்பது உண்மை. ஆனால் சராசரியில் யாரும் மூழ்குவதில்லையே! முகத்துவாரத்தில் கடலும் ஏரியும் ஒன்றையொன்று தள்ளும். ஓதம் திரும்பும் நேரத்தில் இழுப்பு மாறும். மணல் திட்டு இன்று இருக்கும் இடத்தில் நாளை இருக்காது. அந்த விபத்துக்குப் பிறகு சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை போட்டார்கள். தடை வந்த பிறகும் காதோடு கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பர்ஸை எடுக்கிற நாம் இருப்பதால்தான்.

டிஸ்பாட்ச் பர்ஸை மூடினார். "வேணாம்ணே. நாங்க நடக்க வந்தவங்க."

"பயந்தாங்கொள்ளிங்க" என்றார் அவர், போகிற போக்கில்.

"ஆமாங்க" என்றேன் நான். அதைச் சொன்னபோது எனக்கு வெட்கமாகவே இல்லை.

* * *

கிளம்புகிற தம்பிகளுக்கு நாலு வரி: டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நடக்க ஏற்ற காலம். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். தனியாகப் போகாதீர்கள். குப்பத்தில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள், இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். பாட்டிலையும் பையையும் திருப்பி எடுத்து வாருங்கள். மேப்பைப் பாருங்கள், ஆயாவைக் கேளுங்கள்.

திங்கட்கிழமை கணக்குப் போட்டேன். ரயில், பஸ், டீ, திரும்பும்போது வறுத்த மீன் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 212 ரூபாய். டிஸ்பாட்ச்சின் ஷூவை 'வழியில் சேதாரம்' என்று தனியாக எழுதிவிட்டேன்.

அடுத்த வாரம் அவர் மறுபடியும் செல்போனை என் தயிர்சாதத்துக்கு மேலே நீட்டினார். சுவிட்சர்லாந்து. பனிமலை. சறுக்கு விளையாட்டு.

க்யூ.சி. எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"சார், காசிமேடு ஐஸ் ஃபேக்டரி இங்கேயிருந்து எத்தனையாவது ஸ்டேஷன்?"