80ஜி ரசீது: கொடையில் அரசு போடும் பங்கு

வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் 2025-26 நிதியாண்டுக்கான கொடைக்கு வரிச் சலுகை பெற, 2026 மார்ச் 31-க்குள் பணம் கொடுத்திருக்க வேண்டும். 2026 ஏப்ரல் 1-இல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் சலுகையே ரத்தாகிறது என்ற அச்சம் கோவை, திருப்பூர் வாசகர்களின் கடிதங்களில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. ரத்தாகவில்லை, பிரிவு எண்தான் மாறுகிறது.

கவலைப்பட வேண்டியது சலுகையின் கணக்கைப் பற்றி. பழைய வரி முறையில் ஆண்டுக்கு 20 லட்சம் வருமானம் காட்டும் பவுண்டரி உரிமையாளர் ஒருவர், அறக்கட்டளைக்கு 50,000 ரூபாய் தருகிறார். அதில் பாதி, 25,000, அவருடைய வரிக்குரிய வருமானத்தில் கழிகிறது. செஸ் உட்பட 31.2 சதவீத வரியில் அவருக்கு மிச்சம் 7,800 ரூபாய். அவர் கையைவிட்டுப் போனது 42,200. மீதி கருவூலத்துக்கு வந்திருக்க வேண்டிய பணம். நன்கொடையாளர் பலகையில் முழுத் தொகையும் அவர் பெயரில்தான் ஏறும். 8 லட்சம் வருமானம் உள்ளவர் அதே 50,000 கொடுத்தால் அரசின் பங்கு 5,200. வரி கட்டும் அளவுக்குச் சம்பளமில்லாத பனியன் கம்பெனி டெய்லர் 1,000 ரூபாய் கொடுத்தால் அரசு ஒரு பைசாவும் சேர்ப்பதில்லை. கொடுப்பவரின் வருமானம் கூடக் கூட அரசின் பங்கும் கூடுகிறது. பெறுபவரின் வறுமைக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

கொடையை ஊக்குவிக்கும் சலுகை என்பது அதிகாரப்பூர்வ விளக்கம். யாருக்கான கொடை என்பதை அது தொடுவதில்லை. சட்டம் சொல்லும் அறப்பணியில் ஏழைகளுக்கான உதவியோடு கல்வியும் மருத்துவமும் அடக்கம். அந்த இரண்டிலும் பயன்பெறுபவர் ஏழையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. இலவசச் சாப்பாடு போடும் அறக்கட்டளையும், கட்டணம் வாங்கும் கல்லூரியை நடத்தும் அறக்கட்டளையும் ஒரே ரசீதைத் தரலாம்.

கோவையில் 2013-இல் வந்த அம்மா உணவகத்தில் 1 ரூபாய் இட்லியால் ஏற்படும் நஷ்டம் மாநகராட்சிக் கணக்கில் தெரியும். கவுன்சிலர் எழுந்து கேட்கலாம். அந்த 7,800 ரூபாயோ எந்த மன்றத்தின் ஒப்புதலுக்கும் தனியாக வருவதில்லை. மத்திய பட்ஜெட்டின் வரவுப் பகுதி இணைப்பில், நாடு முழுவதற்குமான மொத்த மதிப்பீட்டுக்குள் அடங்கிவிடும்.

கொங்கின் கொடை மரபு இதனால் சிறுத்துவிடாது. 1926-இல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நால்வர் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஒரு பங்கை அறத்துக்கு ஒதுக்கினர். அதிலிருந்து பள்ளிகளும் கல்லூரிகளும் மருத்துவமனையும் எழுந்தன. ஆனால் கொடை பெரும்பாலும் கொடுப்பவரின் ஊரையும் விருப்பத்தையும் ஒட்டியே போகும். வால்பாறை எஸ்டேட் லைன் வீட்டுக்கும் ஆனைகட்டி மலைக் கிராமத்துக்கும் ரேஷன் அரிசியைக் கொண்டுசேர்ப்பது அரசின் கடமை. வராவிட்டால் புகார் கொடுக்கலாம். அறக்கட்டளை வராவிட்டால் யாரிடமும் முறையிட முடியாது.

மற்ற கேள்விகள்:

புதிய வரி முறையில் கழிவு உண்டா? கிடையாது.

ரொக்கம்? 2,000 ரூபாய் வரை மட்டும்.

அன்னதானத்துக்குக் கொடுத்த அரிசி மூட்டை? பொருளுக்குக் கழிவு இல்லை.

உச்சவரம்பு? பெரும்பாலான அறக்கட்டளைகளுக்கு, சில கழிவுகள் போக மொத்த வருமானத்தில் 10 சதவீதம்.

ரசீது மட்டும் போதுமா? போதாது. அறக்கட்டளை மே 31-க்குள் தர வேண்டிய 10பிஇ சான்றிதழும் வேண்டும்.