பழைய காரில் கரும்புகை ஏன்?

பெட்ரோல் கார் கரும்புகை விட்டால், காற்றுக்குப் பொருந்தாத அளவு பெட்ரோல் போகுதுன்னு அர்த்தம். 1 கிலோ பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காற்று வேணும்.

1967-ல் ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் வந்தது. எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சணும்னு சென்சார்களைக் கேட்டு ஒரு மின்னணுப் பெட்டி முடிவு செய்யும். பிறகு வோல்வோ 1800ஈ காரிலும் வந்தது. அதில் கோளாறைத் தேடும் வரிசையைச் சொல்கிறேன்.

1. வெப்ப சென்சார்: மீட்டர் வைத்தால் 20 டிகிரியில் சுமார் 2500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்டணும். வயர் அறுந்தால், இன்ஜின் ஐஸ் மாதிரி இருக்குன்னு நினைத்துப் பெட்டி பெட்ரோலைக் கொட்டும்.

2. அழுத்த சென்சாரின் ரப்பர் குழாய்: அது கிழிந்தால், ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்ச மாதிரி பெட்டிக்குத் தெரியும்.

3. பெட்ரோல் அழுத்தம்: சுமார் 2 பார் இருக்கணும். கூடினால் பெட்ரோலும் கூடும்.

4. குளிர்நேர இன்ஜெக்டர்: ஒழுகுதான்னு பாருங்க.

இதை அப்படியே விட்டால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிடும், இன்ஜின் தேயும். புகையில் கார்பன் மோனாக்சைடும் கூடும். மூடிய ஷெட்டில் அது உயிரையே எடுக்கும்!

விலை உயர்ந்த பெட்டியை மாத்துவது கடைசி வேலை. எனக்கு இதில் பிடிச்சதே அதுதான்: முதலில் அளந்து பார், அப்புறம் கழற்று!