தானியங்கி கியர்ப்பெட்டி: பழுதுக் குறியீடு உணர்த்துவது என்ன?

பெருமூலதனமின்றிப் பலருக்கு வாழ்வளிக்கும் தொழில்களுள் மோட்டார் வாகனங்களைப் பழுது பார்க்கும் தொழிலும் ஒன்றாகும். காதால் கேட்டும் கையால் தொட்டும் பழுதை அறிந்த தலைமுறைகளின் அனுபவமே இத்தொழிலின் முதலாக இருந்து வந்துள்ளது. வாகனத்தின் இயக்கம் மின்னணுக் கருவிகளின் ஆளுகைக்குள் வந்துவிட்ட இக்காலத்தில், அவ்வனுபவத்துடன் புதியதோர் அறிவும் தேவைப்படுகிறது. தானியங்கி கியர்ப்பெட்டி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

முன்னர்ப் பெரும்பாலும் விலை உயர்ந்த கார்களிலேயே காணப்பட்ட இவ்வசதி, 2014ஆம் ஆண்டில் மாருதி சுசூகி செலெரியோ கார் அறிமுகமானபின் சிறிய கார்களுக்கும் பரவியது. பயன்பாடு பெருகும்போது பழுதுகளும் பெருகுதல் இயல்பே. ஆனால், ஒரு கம்பியில் நேர்ந்த குறையைக் கண்டறிய இயலாமையால் கியர்ப்பெட்டி முழுவதையும் மாற்ற நேரிடுமாயின், அது உரிமையாளருக்கு மட்டுமன்றி நாட்டின் பொருள்வளத்திற்கும் இழப்பாகும்.

மின்சாரத்தின் பங்கு

டார்க் கன்வர்ட்டர் கொண்ட தானியங்கி கியர்ப்பெட்டியில், எண்ணெயின் அழுத்தமே கிளச்சுகளை இயக்கிக் கியர்களை மாற்றுகிறது. அவ்வெண்ணெய் எவ்வழியே செல்லவேண்டும் என்பதைச் சோலினாய்டு எனப்படும் மின்காந்த வால்வுகள் தீர்மானிக்கின்றன. உள்ளீட்டுத் தண்டின் வேகம், வெளியீட்டுத் தண்டின் வேகம், எண்ணெயின் வெப்பம், கியர் நெம்புகோலின் நிலை ஆகியவற்றை உணரிகள் தெரிவிக்க, கட்டுப்பாட்டுக் கணினி அவற்றைச் சீர்தூக்கிச் சோலினாய்டுகளுக்கு ஆணையிடுகிறது.

இச்சங்கிலியில் ஏதேனும் ஒரு கண்ணி அறுபட்டதாகக் கணினி கருதினால், மேலும் சேதம் நேராவண்ணம் பாதுகாப்பு நிலைக்குச் செல்கிறது. அப்போது வண்டி பெரும்பாலும் ஒரே கியரில் நின்றுவிடுகிறது; வேகம் கூடுவதில்லை; புறப்படும்போது இழுவை குன்றுகிறது. இதனைக் காண்பவர் கியர்ப்பெட்டியே அழிந்துவிட்டதெனக் கருதுவது எளிது. உண்மையில் காரணம் துருப்பிடித்த ஒரு முனையாகவும் இருக்கலாம். அறிகுறி பெரிதாயினும் காரணம் சிறிதாக இருக்கக்கூடும் என்பதே மின்பழுதுகளின் தன்மை.

குறியீட்டின் இலக்கணம்

கணினி தான் கண்ட குறையை ஐந்து இடங்கள் கொண்ட குறியீடாகப் பதிந்து வைக்கிறது. அமெரிக்காவில் 1996ஆம் மாதிரி ஆண்டு முதல் கார்களுக்குப் பொதுவான குறியீட்டு முறை கட்டாயமாக்கப்பட்டது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின் கீழ் 2010 ஏப்ரலில் வாகனத்தினுள் அமைந்த கண்டறி முறையின் முதற்கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் நடைமுறைக்கு வந்தன. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னே, ஸ்டியரிங்கிற்குக் கீழ்ப்புறம் அமைந்த 16 முனை இணைப்பானில் ஸ்கேனரைப் பொருத்தி இக்குறியீடுகளைப் படிக்கலாம்.

குறியீட்டின் முதலில் வரும் ‘பி’ என்னும் எழுத்து எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் குறிக்கும். அடுத்துள்ள 0, அது அனைத்து நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு என்பதையும், 1, நிறுவனம் தனக்கென வகுத்தது என்பதையும் காட்டும். மூன்றாம் இடத்தில் 7 அல்லது 8 இருப்பின் அது கியர்ப்பெட்டியைச் சார்ந்தது. இறுதி இரண்டு இலக்கங்கள் குறிப்பிட்ட குறையைச் சுட்டும்.

சான்றாக, பி0715 உள்ளீட்டு வேக உணரியின் சுற்றையும், பி0753 முதற் கியர்மாற்றுச் சோலினாய்டின் மின்பழுதையும் குறிக்கின்றன. பி0751 அதே சோலினாய்டைப் பற்றியதாயினும், மின்சுற்றைவிட அதன் செயல்பாட்டில் உள்ள குறையைச் சுட்டுவதாகும். அங்கு அழுக்கு எண்ணெய், அடைப்பு ஆகியவற்றையும் கருத வேண்டும். பி0700 என்பதோ தன்னளவில் எந்தப் பழுதையும் விளக்காது. கியர்ப்பெட்டிக் கணினியிடம் வேறு குறியீடு உள்ளது என்று எஞ்சின் கணினிக்குக் கூறும் அறிவிப்பே அது. எஞ்சின் கணினியை மட்டும் படிக்கும் மலிவான கருவி இவ்விடத்தில் நின்றுவிடும்.

குறியீடு ஒரு சுற்றைச் சுட்டுகிறதேயன்றி, மாற்றவேண்டிய உறுப்பைச் சுட்டுவதில்லை. சுற்று என்பதில் சோலினாய்டின் சுருள், கம்பி, இணைப்பான், தரை இணைப்பு, கணினி ஆகிய அனைத்தும் அடங்கும். இவற்றுள் எது குற்றமுடையது என்பதைச் சோதனையே தெளிவாக்க வேண்டும்.

சோதனையின் ஒழுங்கு

குறியீட்டை அழிக்குமுன், அது பதிவானபோது இருந்த வேகம், வெப்பம் முதலிய விவரங்களைக் குறித்துக்கொள்ளுதல் முதற்கடமை. அடுத்து, மின்கலத்தின் அழுத்தத்தை அளக்க வேண்டும். பின்னர் இணைப்பான்களையும் கம்பிகளையும் கண்ணால் ஆராய வேண்டும். எலி கடித்த கம்பி, மழைநீர் புகுந்த இணைப்பான், எண்ணெய் கசிந்த முனை ஆகியவை இங்கேயே வெளிப்படக்கூடும்.

இதன்பின் மல்டிமீட்டரின் பணி தொடங்குகிறது. மின்சாரத்தை நிறுத்தி, கியர்ப்பெட்டியின் இணைப்பானைக் கழற்றி, சோலினாய்டின் மின்தடையை அளந்து நிறுவனக் கையேட்டின் அளவுடன் ஒப்பிட வேண்டும். தடை அளவிறந்து நின்றால் சுற்று அறுந்துள்ளது. ஏறத்தாழச் சுழியானால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுள்ளது. அளவு சரியாயின், பழுது பெரும்பாலும் இணைப்பானுக்கும் கணினிக்கும் இடையே இருக்கும். கியர்ப்பெட்டியைக் கழற்ற வேண்டிய தேவையே அப்போது எழாது.

ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். 20 ஓம் தடையுள்ள சோலினாய்டு 12 வோல்ட் அழுத்தத்தில் 0.6 ஆம்பியர் மின்னோட்டம் பெறும். துருவேறிய முனை 10 ஓம் தடையைக் கூட்டினால் மின்னோட்டம் 0.4 ஆம்பியராகக் குறையும். சோலினாய்டுக்குக் கிடைப்பது 8 வோல்ட் மட்டுமே. சோலினாய்டில் குறையில்லை, எனினும் அது செயல்படத் தவறலாம். புதிய சோலினாய்டைப் பொருத்தினாலும் குறை நீங்காது.

வெப்பத்தையும் மறத்தலாகாது. செம்புச் சுருளின் தடை 20 பாகையில் 20 ஓம் எனின், 100 பாகை செல்சியசில் ஏறத்தாழ 26 ஓம் ஆகும். குளிர்ந்த நிலையில் சரியாகத் தோன்றும் சுருளின் மெல்லிய வெடிப்பு, சூடேறியபின் சுற்றை அறுத்துவிடுவதும் உண்டு. ஆகவே, ஓடிச் சூடான வண்டியிலும் சோதனையைத் திரும்பச் செய்தல் நலம். பழுது நீக்கியபின் குறியீட்டை அழித்து, வண்டியை ஓட்டி, அது மீண்டும் தோன்றவில்லை என உறுதி செய்தபின்னரே பணி நிறைவுறுகிறது.

அறிவு பரவ வேண்டும்

இச்சோதனைகளுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. வேண்டுவன ஓம் விதி பற்றிய தெளிவும், சுற்று வரைபடமும், நிறுவனம் வகுத்த அளவுகளுமே. முதலாவதைத் தொழிற்பயிற்சி நிலையங்கள் அளிக்க இயலும். மற்றவை உற்பத்தியாளரிடம் உள்ளவை. உதிரிப் பாகங்களும் கண்டறி கருவிகளும் தனியார் பட்டறைகளுக்குக் கிடைக்கச் செய்யுமாறு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ஆணையிட்டதும், 2022 டிசம்பரில் நுகர்வோர் நலத்துறை பழுது பார்க்கும் உரிமைக்கான இணையத்தளத்தைத் தொடங்கி மோட்டார் வாகனங்களையும் அதில் சேர்த்ததும் இத்தேவையை உணர்ந்தே எனலாம்.

எனினும், கருவி கிடைத்தால் மட்டும் போதாது. திரையில் தோன்றும் எண்ணை முடிவாகக் கொள்ளாது, ஆய்வின் தொடக்கமாகக் கொள்ளும் பழக்கம் பட்டறைகளில் வேரூன்ற வேண்டும். பயிற்சி நூல்கள் மாநில மொழிகளில் எளிய நடையில் வெளிவருமாயின், தெருவோரப் பட்டறையில் பணிபுரியும் இளைஞரும் இத்திறனை எய்துவர். அதனால் உரிமையாளரின் பணம் மிஞ்சும். நல்ல கியர்ப்பெட்டிகள் பழைய இரும்புக் குவியலைச் சேராது காக்கப்படும். ஒரு பெருந்தொழிற்பிரிவினரின் வாழ்க்கையும் காலத்தோடு இசைந்து முன்னேறும்.