காசி யாத்திரையும் புகையிரதச் சீட்டும்



இலங்கையிலிருந்து காசிக்குச் செல்ல எண்ணுவோருட் பலர் விமானச் செலவை மட்டும் கவனமாகக் கணக்கிடுகின்றனர். அப்பாலுள்ள புகையிரதப் பிரயாணத்தைச் சென்னையிற் போய் இறங்கியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகின்றனர். யாத்திரைக்கென்று சேர்த்த பணம் கரைவது பெரும்பாலும் அவ்விடத்திலேதான். சீட்டுக் கிடையாமல் விடுதியிலே காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் வாடகையாகும். விசாவின் நாட்களும் வீணே கழியும்.

முன்னாளில் இவ்வளவு சிக்கல் இருந்ததில்லை. 1914ஆம் ஆண்டிலே பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபின், கொழும்பில் வாங்கிய ஒரே சீட்டுடன் சென்னை வரை செல்லலாம் என்ற நிலை இருந்தது. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. இன்று அக்கரைச் சீட்டை நாமே தனியாகத் தேடிக்கொள்ளல் வேண்டும்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிதல் நன்று. விமானச் சீட்டை முற்கூட்டி வாங்கினால் விலை குறையும். இந்தியாவின் சாதாரண விரைவு வண்டிகளில் அப்படியன்று. இரு மாதம் முன்னர் வாங்கினும் முதல்நாள் வாங்கினும் ஒரே வகுப்பிற்கு ஒரே கட்டணமே. ராஜதானி, சதாப்தி, துரந்தோ ஆகிய வண்டிகளில் மட்டும் 2016 முதல், இடங்கள் பத்திலொரு பங்கு விற்குந்தோறும் அடிப்படைக் கட்டணம் 10 வீதம் ஏறி, 1.4 மடங்கு வரை செல்லும். அப்படியாயின் முந்துவது ஏன்? மலிவான வகுப்பின் படுக்கைகளே முதலில் தீர்ந்துபோகின்றன என்பதனால்தான். பிந்தி வருபவனுக்கு எஞ்சுவது விலைகூடிய வகுப்பு, அல்லது தட்கல் என்னும் அவசரச் சீட்டு. படுக்கை வகுப்புக்களில் இந்த அவசரச் சீட்டுக்கு அடிப்படைக் கட்டணத்தில் 30 வீதம் வரை மேலதிகமாகும்; உறுதியான தட்கல் சீட்டை வேண்டாமென்று திருப்பினால் ஒரு சதமும் மீளாது.

முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். 2024 நவம்பருக்கு முன் இது 120 நாட்களாயிருந்தது. பழைய வழிகாட்டி நூல்களை நம்பி ஏமாறுதல் கூடாது. இணையத்தளத்திலே தட்கல் சீட்டு வாங்குவதற்கு 2025 யூலை முதல் ஆதார் அடையாளம் வேண்டும். நம்மிடம் அது இல்லை. ஆகவே கடைசி நாளில் தட்கல் கைகொடுக்கும் என்ற எண்ணத்தை இலங்கையர் இப்பொழுதே கைவிடுதல் உத்தமம். வெளிநாட்டவர்க்கென ஒதுக்கிய இடங்களை 365 நாட்களுக்கு முன்னரே பதியலாம். ஆனால் அவை சிலவே. இணையத்தில் பெரும்பாலும் உயர் வகுப்புக்களுக்கே உரியவை. சிக்கனம் தேடுவோர்க்கு அது முதல் வாசல் ஆகாது.

எந்த நாளில் வண்டி என்பதையும் கவனிக்க வேண்டும். சென்னையிலிருந்து காசி வழியாகச் சாப்ரா செல்லும் கங்கா காவேரி வண்டி நாள்தோறும் ஓடுவதன்று. விமானத் திகதியை முதலில் முடிவுசெய்து வண்டியை அதற்கு இசைவிக்க முயல்வதிலும், வண்டியின் நாளை அறிந்து விமானத்தைத் தெரிதல் புத்தி.

இனி, நம்மவர் பலர் அறியாத ஒரு சலுகை. இந்தியப் புகையிரதக் கட்டணம், தூரம் கூடக்கூட ஒரு கிலோமீற்றருக்கான வீதம் குறைந்துகொண்டே போகும் வகையில் அமைந்தது. எனவே ஒரு நீண்ட சீட்டு, அதே தூரத்துக்குரிய பல குறுஞ் சீட்டுக்களிலும் மலிவு. சென்னையிற் புறப்பட்டுக் காசியிலே கங்காஸ்நானம் செய்து, கயாவில் பிதிர்கருமம் முடித்து, பூரி ஜெகந்நாதரைத் தரிசித்துச் சென்னைக்கே மீள்கிறவர் நான்கு சீட்டு வாங்கினால், ஒவ்வொன்றிலும் தொடக்கத்தின் உயர்ந்த வீதத்தையே செலுத்துகிறார். புறப்பட்ட இடத்துக்கே மீளும் இத்தகைய பிரயாணத்துக்குச் சுற்றுப் பயணச்சீட்டு என ஒன்று உண்டு. முழுத் தூரம் 5,000 கிலோமீற்றர் என வைத்துக்கொண்டால், அதனை 2,500 கிலோமீற்றர் கொண்ட இரு பயணங்களாகக் கொண்டே கட்டணம் அறவிடுவர். இடையிலே எட்டு இடங்கள் வரை இறங்கித் தங்கலாம். இதனைப் பெரிய நிலையங்களில் எழுத்துமூலம் விண்ணப்பித்தே பெறவேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் படுக்கையைத் தனியாகப் பதியவும் வேண்டும். சிறிது அலைச்சல்தான். ஆயினும் ஐந்தாறு பேர் கொண்ட குடும்பத்துக்கு அந்த அலைச்சல் கூலி தரும்.

வகுப்பைத் தெரிவதிற் பிடிவாதம் வேண்டாம். குளிரூட்டாத படுக்கை வகுப்பு மிக மலிவு. ஆனால் விரிப்பும் போர்வையும் தரமாட்டார்கள். மார்கழி, தை மாதங்களில் வடக்கே குளிர் கடுமை. மூடுபனியால் வண்டிகள் பல மணி நேரம் தாமதிப்பதும் வழக்கம். வயோதிபரை அக்காலத்தில் அழைத்துச் செல்வோர் மூன்றடுக்குக் குளிரூட்டிய வகுப்பை நாடுவதே நன்று. அந்தச் செலவை வீண் என்று நான் சொல்லமாட்டேன். முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது. எனினும் 45 வயது கடந்த பெண்களும் 60 வயது கடந்த ஆண்களும் மேலதிகப் பணமின்றிக் கீழ்ப்படுக்கையைக் கேட்கலாம். 5 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைக்குத் தனிப்படுக்கை வேண்டாமென்றால் அரைக்கட்டணமே.

இடைத்தரகர் வேறொருவர் பெயரிலுள்ள சீட்டை நீட்டினால் வாங்காதீர்கள். இந்திய ரயில்வேச் சட்டத்தின்படி அது குற்றம். கடவுச்சீட்டிலுள்ள பெயரே சீட்டிலும் இருத்தல் வேண்டும். புதுடில்லி நிலையத்தின் முதலாம் மாடியில் வெளிநாட்டவர்க்கெனத் தனிப் பதிவு அலுவலகம் உண்டு. அது மூடப்பட்டுவிட்டது, வேறிடம் போய்விட்டது என்று வாயிலிலே சொல்லி அழைத்துச் செல்பவர் எவராயினும், அவர் பின்னே போகாமற் படியேறி நேரிற் பாருங்கள்.