சந்தேகத்துக்கு மணிக்கணக்கில் நேரம், உண்மைக்கு எவ்வளவு?

2021 டிசம்பர் 8, மதியம். சூலூரிலிருந்து வெலிங்டன் ராணுவப் பயிற்சிக் கல்லூரிக்குப் புறப்பட்ட எம்.ஐ.-17வி5 ஹெலிகாப்டர், குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து தீப்பிடித்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி மதுலிகா உட்பட 13 பேர் அன்றே இறந்தனர். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி, 15-ம் தேதி மறைந்தார்.

முதலில் ஓடியவர்கள் அந்த ஊர் மக்கள். எரியும் இடத்துக்குக் குடத்திலும் வாளியிலும் தண்ணீர் கொண்டுபோனார்கள். காயம்பட்டவர்களைத் தூக்கிவர வீட்டில் இருந்த போர்வைகளைக் கொடுத்தார்கள்.

அதே நேரத்தில் டி.வி. விவாதங்களிலும் சமூக ஊடகங்களிலும் வேறு வேலை நடந்தது. சதியா, நாசவேலையா என்ற கேள்வி ஓயவில்லை. விடுதலைப் புலிகளின் பெயரைக்கூடச் சிலர் இழுத்தார்கள். ஆதாரம் எதுவும் இல்லை. இறந்தவர்களின் கண்ணியம் கருதி ஊகங்களைத் தவிர்க்குமாறு டிசம்பர் 10 அன்று விமானப்படையே கேட்க வேண்டியதாயிற்று.

2022 ஜனவரி 14-ல் முப்படை விசாரணையின் முதற்கட்ட முடிவு வந்தது: நாசவேலை இல்லை, இயந்திரக் கோளாறும் இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்ததில் விமானி திசையுணர்வு இழந்திருக்கிறார். மலைச்சரிவில் பத்தடி தள்ளி நிற்பவர் தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்குவதை அடிக்கடி பார்க்கும் நீலகிரிக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல.

டிசம்பரில் சந்தேகத்துக்குத் தந்த நேரத்தில் ஒரு பங்காவது இந்த முடிவுக்குக் கிடைத்ததா? நடுநிலை என்றாலே இரண்டு கட்சிக்காரர்களை எதிரெதிரே உட்காரவைப்பது என்று நாம் பழகிவிட்டோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும், தவறைத் திருத்துவதும் அதைவிட முக்கியம். விதியும் இதைத்தான் சொல்கிறது. கேபிள் டி.வி. சட்டத்தின் நிகழ்ச்சி விதிமுறை அரை உண்மைகளைத் தடை செய்கிறது. தனியார் செய்திச் சேனல்களின் சுய ஒழுங்கு அமைப்பான என்.பி.டி.எஸ்.ஏ.வின் வழிகாட்டுதல், தகவல் பிழையை விரைவாகவும் போதிய முக்கியத்துவத்தோடும் திருத்தச் சொல்கிறது.

பல் இல்லாத விதி என்பது உண்மைதான். 2023-ல் அந்த அமைப்பின் அபராதத்துக்கு உச்சவரம்பு 1 லட்சம் ரூபாயாக இருந்தது. அது போதுமா என்று அந்த ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே கேட்டது. உறுப்பினரல்லாத சேனல்களை அந்த அமைப்பு கட்டுப்படுத்துவதும் இல்லை. ஆனால் புகாரே போகாவிட்டால் இருக்கிற விதியும் தூங்கும்.

ஆகவே, ஒரு செய்தி ஒருதலைப்பட்சம் என்றோ பொய் என்றோ பட்டால், ஒளிபரப்பான 7 நாளுக்குள் அந்தச் சேனலுக்கு எழுதுங்கள். தேதி, நேரம், நிகழ்ச்சியின் பெயர் மூன்றையும் குறிப்பிடுங்கள். பதில் சரியில்லை என்றால் 14 நாளுக்குள் என்.பி.டி.எஸ்.ஏ.வுக்கு அனுப்புங்கள். இதற்கு வக்கீல் தேவையில்லை.