150 ரூபா டிக்கெட் உண்மையிலேயே லாபமா? தஞ்சாவூர்ல இருந்து சென்னைக்கு ஃபுட்பால் பார்க்கப் போறவங்களுக்கு ஒரு சீட் கணக்கு

குறுவைப் பணத்தைப் பிரிச்சு வைக்கிறதைப் பத்தி நம்ம சேனல்ல பேசும்போது, "ஆசைச் செலவு"ன்னு ஒரு பங்கு ஒதுக்கச் சொன்னேன். அந்தப் பங்கை நானே ஒரு தடவை கோட்டை விட்ட கதை இது.

என் அக்கா மகன் ஸ்கூல் டீம்ல கோல்கீப்பர். சென்னையின் எஃப்சின்னா அவனுக்கு உயிர். கொள்முதல் நிலையத்துல போட்ட நெல்லுக்குக் காசு கணக்குல ஏறினதும் அக்கா, "தம்பி, இவனை ஒரு தடவை மேட்சுக்குக் கூட்டிட்டுப் போடா"ன்னாங்க. மூணு பேரும் கிளம்பினோம். டிக்கெட் எடுத்தது நான். இருந்ததிலேயே விலை கம்மி, தலைக்கு 150 ரூபா, கோலுக்குப் பின்னாடி.

அன்னிக்கு விழுந்த ரெண்டு கோலும் எதிர் முனையில. "யார் மாமா அடிச்சது?"ன்னு பையன் கேட்டான். எனக்கும் தெரியலை. திரும்பி வரும்போது ரயில்ல ஹைலைட்ஸ் பார்த்துதான் பதில் சொன்னேன்.

தப்பு எங்கேன்னா, நான் யூடியூப்ல பார்த்தது ஜெர்மனி டார்ட்மண்ட் மைதானம். அங்கே கோலுக்குப் பின்னாடி கிட்டத்தட்ட 25,000 பேர் நிற்கிற ஸ்டாண்ட் இருக்கு, புல்தரையை ஒட்டியே. சென்னை நேரு ஸ்டேடியம் அப்படி இல்லை. அங்கே ஆடுகளத்தைச் சுத்தி ஓட்டப்பந்தய ட்ராக் ஓடுது. கொல்கத்தா சால்ட் லேக், பெங்களூரு கண்டீரவா ரெண்டும் இதே வகைதான்.

கணக்கைப் பாருங்க. 400 மீட்டர் ட்ராக்குக்கு உள்ளே இருக்கிற இடம் சுமார் 157 மீட்டர் நீளம், 73 மீட்டர் அகலம். ஃபுட்பால் களம் 105-க்கு 68. எட்டு லேன் ட்ராக் சுமார் 10 மீட்டர். அப்போ பக்கவாட்டு ஸ்டாண்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல 12, 13 மீட்டர் வரும். கோலுக்குப் பின்னாடியோ 36 மீட்டர்! அங்கிருந்து எதிர் முனை கோல் 141 மீட்டர் தள்ளி. நம்ம பெரிய கோயில் விமானம் சுமார் 66 மீட்டர் உயரம். அதை ரெண்டு தடவை படுக்க வெச்சாலும் அந்தக் கோலை எட்டாது.

சேப்பாக்கத்துல கிரிக்கெட் பார்த்துப் பழகினவங்களுக்கு, பவுலருக்கு நேர் பின்னாடி உட்கார்றதுதான் ராஜ சீட். ஃபுட்பாலுக்கு அந்தப் பழக்கத்தை மறந்துடுங்க.

இப்போ காசுக்கு வருவோம். எங்க மூணு பேருக்கும் ரயில், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து 3,000 ரூபா. டிக்கெட் 450. மொத்தம் 3,450. பக்கவாட்டு ஸ்டாண்ட் தலைக்கு 300 ரூபா இருந்தது. அதை எடுத்திருந்தா 3,900, அதாவது 13 சதவீதம்தான் கூடுதல். பெரம்பூர்ல இருந்து 40 ரூபா பஸ் செலவுல வர்ற ஒருத்தருக்கு அதே மாற்றம் 190-ஐ 340 ஆக்கிடும். அவர் 150 ரூபா சீட்ல உட்கார்ந்தா அது சிக்கனம். அடுத்த வாரமே திரும்ப வருவார். வருஷத்துக்கு ஒரு தடவை போற நாம அங்கே உட்கார்ந்தா 3,450-உம் வீண்.

அதுக்காக ஆயிரக்கணக்குல போக வேண்டாம். அங்கே சோபாவுக்கும் சாப்பாட்டுக்கும்தான் காசு.

நான் இப்போ தேடுற இடம், பக்கவாட்டு ஸ்டாண்டோட ஓரம். ட்ராக்கோட நேர்பாதை 84 மீட்டர். அது வளையத் தொடங்குற இடம் பெனால்டி பாக்ஸுக்கு நேரா வரும். நடு பிளாக்கைவிட ஓர பிளாக் விலை குறைவா இருந்தா அதுதான் நம்ம சீட். புக் பண்றதுக்கு முன்னாடி ஸ்டாண்ட் படத்தையும் மேப் சாட்டிலைட் படத்தையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. வரிசை, பத்துக்கு மேல இருந்தா நல்லது. முன் வரிசையில விளம்பரப் பலகை மறைக்கும், ஐப்பசி மழையும் நனைக்கும். டிக்கெட்ல சீட் நம்பர் இல்லைன்னா கேட் திறக்கும்போதே உள்ளே போயிடுங்க. பொடிசுகளோட போனா, நின்னுக்கிட்டே பாடுற ரசிகர் கூட்டத்துக்குப் பின்னாடி மட்டும் மாட்டிக்காதீங்க.

இன்னொண்ணு, ரயில். 7.30 மணி ஆட்டம் முடிய 9.25 ஆகும். வண்டி எழும்பூர்ல இருந்தா, தாம்பரத்துல இருந்தான்னு டிக்கெட்ல பாருங்க. எழும்பூர்னா பக்கம். தாம்பரம்னா கடைசி பத்து நிமிஷத்தைத் தியாகம் பண்ணணும், அதுலதான் கோல் விழும்!

அடுத்த சீசனுக்குப் பையன் உண்டியல்ல இதுவரைக்கும் 420 ரூபா சேர்த்திருக்கான். சீட்டை அவனே பார்த்துக்கிறானாம், மாமா ரயில் டிக்கெட் மட்டும் போட்டா போதுமாம்.